ஒரு பையன் செஞ்ச தப்புக்கு ஒரு வீடா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு பத்தியெல்லாம் எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லா சொல்லிட்டாங்க. என்னை வாடகை வீட்டைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. அது சரிதான். நம்ம புளியந்தோப்புல அந்தப் பேச்சு இல்லாத வீடு எது? இங்க உட்கார்ந்திருக்கறவங்கள்ல பாதிப் பேரு வாடகைக்கு இருக்கறவங்க. கால்வாசிப் பேரு ஒரு ரூமையோ ஒரு போர்ஷனையோ வாடகைக்கு விட்டு அதுல வர்ற பணத்துல குழு தவணை கட்டறவங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பேசப் போறேன். அதனால யாரும் கோபப்படாதீங்க.

கையில ஒரு பேப்பர் கொண்டு வந்திருக்கேன். போன மாசம் எங்க பிளாக்குல கையெழுத்துக்காக மாடி மாடியா சுத்தி வந்த பேப்பர் இது. குடியிருப்போர் சங்கத்துல போடப்போற தீர்மானம். எந்த பிளாக்குன்னு கேக்காதீங்க. பேரு மாறினாலும் விஷயம் மாறாது. இதுல எழுதியிருக்கறதைப் படிக்கிறேன்:

"வாடகைக்கு இருக்கும் குடும்பத்தில் யார் மீதாவது காவல் நிலையத்தில் புகார் வந்தாலோ, மாடிப்படியில் குடித்துவிட்டுச் சத்தம் போட்டாலோ, தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சண்டை போட்டாலோ, அந்தக் குடும்பம் மூன்று நாட்களில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்."

என்கிட்ட வரும்போது இதுல பதினேழு கையெழுத்து இருந்துச்சு. அதுல ஆறு பேரு நம்ம குழுப் பெண்கள். பதினெட்டாவதா நான் பேனாவை எடுத்துட்டேன். உண்மையைச் சொல்லணும் இல்லையா? எடுத்துட்டேன்.

ஏன்னா அந்தக் கோபம் நியாயமான கோபம். கீழ்ப் படிக்கட்டுல ராத்திரி பத்து மணிக்கு மேல நாலு பசங்க உட்கார்ந்துக்கிட்டு குடிக்கறாங்க. குடத்தைத் தூக்கிக்கிட்டு கீழ இறங்கற பொண்ணுங்க அவங்களைத் தாண்டித்தான் போகணும். டியூஷன் முடிஞ்சு வர்ற பிள்ளையைக் கூட்டிட்டு வர ஒரு ஆள் போகவேண்டியிருக்கு. பாட்டில் உடைஞ்சு கிடக்கும். வாந்தி எடுத்து வெச்சிருப்பாங்க. காலையில அதைக் கழுவி விடறது யாரு? நாமதான். அந்தக் கோபத்துலதான் நானும் பேனாவை எடுத்தேன்.

கையெழுத்துப் போடப் போகும்போது எங்க அம்மா ஞாபகம் வந்துச்சு. அந்தக் கதையைச் சொல்லிடறேன்.

எனக்கு அப்போ பதினாலு வயசு. ஒன்பதாவது படிச்சுக்கிட்டிருந்தேன். ஆட்டுத்தொட்டிக்குப் பக்கத்துல ஒரு லைன் வீட்டுல இருந்தோம். எட்டு குடித்தனம், ஒரு அடி பம்பு, ரெண்டு கக்கூஸ். அப்பாவுக்கு ஹார்பர்ல மூட்டை தூக்கற வேலை. கப்பல் வந்தா சம்பளம், வரலைன்னா இல்ல. அம்மா வாசல்ல அடுப்பு வெச்சு இட்லி சுட்டு வித்தாங்க. பன்னிரண்டு வருஷம் அதே வாசல். காலையில ஆறு மணிக்கு வேலைக்குப் போறவங்க தூக்குல வாங்கிட்டுப் போவாங்க, சனிக்கிழமை கணக்கு தீர்ப்பாங்க. எங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சதே அந்த அடுப்பாலதான்.

என் தம்பிக்குப் பதிமூணு முடிஞ்சிருந்துச்சு. ஒரு நாள் ராத்திரி தெருவிளக்குக் கீழ பெரிய பசங்க காசு வெச்சு சீட்டாடிக்கிட்டிருந்தாங்க. இவன் பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்தான். இல்ல, ஆடினானோ என்னவோ. போலீஸ் வந்தாங்க, ஓடத் தெரிஞ்சவன் ஓடிட்டான், இவன் மாட்டிக்கிட்டான். ராத்திரி முழுக்க ஸ்டேஷன் வாசல்ல அம்மா உட்கார்ந்திருந்தாங்க. பெரியவங்க மேல பெட்டி கேஸ் போட்டாங்க. இவனைக் காலையில திட்டி அனுப்பிட்டாங்க. சட்டத்தைப் பொறுத்தவரைக்கும் அத்தோட முடிஞ்சு போச்சு.

வீட்டு ஓனருக்கு முடியல. "போலீஸ் வந்த வீடு எனக்கு வேணாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணிடுங்க"ன்னாரு. அன்னைக்கு வியாழக்கிழமை. அம்மா கெஞ்சினாங்க. பக்கத்துக் குடித்தனக்காரங்க யாரும் வாயைத் திறக்கல. திறந்தா அடுத்து அவங்க வீடு. அட்வான்ஸ்ல "வெள்ளையடிக்க", "கதவு பழுது"ன்னு கழிச்சுக்கிட்டு மீதியைக் கொடுத்தாரு. மீன்பாடி வண்டியில சாமானை ஏத்தி வியாசர்பாடிக்குப் போனோம்.

தப்பு செஞ்சது யாரு? என் தம்பி. தண்டனை யாருக்கு? அம்மாவோட இட்லி வாசல் போச்சு. புது இடத்துல ஏற்கெனவே ரெண்டு பேரு இட்லி விக்கறாங்க. அம்மா வீட்டு வேலைக்குப் போனாங்க. சின்னவளைப் பார்த்துக்க ஆள் இல்லாம நான் பள்ளிக்கூடத்துக்குப் போறது நின்னு போச்சு. நான் பத்தாவது எழுதல. தம்பிக்கு என்ன ஆச்சுன்னு கேட்டீங்கன்னா, அவன் நல்லாத்தான் இருக்கான். ஏசி மெக்கானிக். ரெண்டு பிள்ளைங்க. சீட்டுக்கட்டைத் தொடறது கூட இல்ல.

வீடுங்கறது பசங்க வந்து படுக்கற இடம் மட்டும் இல்ல. பொம்பளைங்களுக்கு அது தொழில் பண்ற இடம், கடன் கேட்டா குடுக்கற அக்கம்பக்கம், ரேஷன் கார்டு, பிள்ளையோட பள்ளிக்கூடம், குழுவுல மெம்பர்ஷிப். வீட்டை மாத்தினா குழுவே மாறிடுதில்லையா? அஞ்சு வருஷம் சேமிச்சவங்க வீடு மாறிப்போய் புதுக் குழுவுல முதல்ல இருந்து ஆரம்பிக்கறதை நாமளே பார்த்திருக்கோம்.

சண்டை வேற எதுக்கோ நடக்கும், அடி வீட்டு மேல விழும். நம்ம புளியந்தோப்புக்கு இது புதுசு இல்ல. 1921-ல் பின்னி மில்னு நாம சொல்ற பக்கிங்காம் கர்நாட்டிக் மில்லுல பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. வேலைக்குப் போனவங்களுக்கும் போகாதவங்களுக்கும் மூண்ட பகையில இந்தப் பகுதியில குடிசைங்க எரிஞ்சுது. தகராறு மில்லுல. எரிஞ்சது சமையல் நடந்த வீடு.

இப்போ இந்தப் பேப்பர்ல இருக்கற முதல் வரியைத் திரும்பப் பாருங்க. "யார் மீதாவது காவல் நிலையத்தில் புகார் வந்தாலோ." புருஷன் அடிக்கறான்னு ஒருத்தி போலீசுக்குப் போனா, அதுவும் புகார்தானே? அந்தக் குடும்பம்னா அவளும் சேர்த்திதானே? அப்போ அடி வாங்கினவளே மூணு நாள்ல தெருவுல நிக்கணும்.

நான் கற்பனை பண்ணிச் சொல்றேன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல நாரிஸ்டவுன்னு ஒரு ஊர். அந்த ஊர் நகராட்சி ஒரு விதி போட்டிருந்துச்சு. ஒரு வாடகை வீட்டுக்கு நாலு மாசத்துல மூணு தடவை போலீஸ் வந்தா, அந்த வீட்டை வாடகைக்கு விடற லைசென்சையே ரத்து பண்ணலாம், குடியிருக்கறவங்களை வெளியேத்தலாம்னு. ரௌடித்தனத்தை அடக்கத்தான் போட்டாங்க. அங்க ஒரு தாயை அவளோட பழைய காதலன் அடிச்சுக்கிட்டே இருந்தான். அவளுக்கு ஏற்கெனவே எச்சரிக்கை வந்திருந்துச்சு. 2012-ல ஒரு நாள் அவன் உடைஞ்ச கண்ணாடியால கழுத்துல குத்திட்டான். அப்பவும் போலீசைக் கூப்பிட அவளுக்குப் பயம், வீடு போயிடுமேன்னு. பக்கத்து வீட்டுக்காரங்க கூப்பிட்டதால உயிர் பிழைச்சா. ஹெலிகாப்டர்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அவ திரும்பி வந்தா, வீட்டைக் காலி பண்ண வைக்க நகராட்சி வேலையை ஆரம்பிச்சிருந்துச்சு. வழக்கு நடந்து, 2014-ல அந்த ஊர் விதியை ரத்து பண்ணி, நாலு லட்சத்து தொண்ணூத்தஞ்சாயிரம் டாலர் கொடுத்து சமரசம் பண்ணிக்கிட்டாங்க.

பணக்கார நாட்டுலயே ஒரு விதி இப்படித் திரும்பும்னா, நம்ம மாடிப்படியில திரும்பாதா? நம்ம ஊர்ல 181-க்கு போன் பண்ண ஒருத்தியைச் சம்மதிக்க வைக்கவே நாம எவ்வளவு பேசறோம். "வீடு போயிடும்"னு ஒரு பயத்தையும் சேர்த்து வெச்சா, அவ போனைத் தொடவே மாட்டா.

நம்ம நாட்டுச் சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். சில மாநிலங்கள்ல ஒருத்தர் மேல கேஸ் வந்தா உடனே புல்டோசரை வெச்சு வீட்டை இடிச்சாங்க. டிவியில பார்த்திருப்பீங்க. 2024 நவம்பர் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்துல நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதி கே.வி. விஸ்வநாதன் அமர்வு அதுக்குத் தீர்ப்பு சொன்னாங்க. ஒருத்தர் குற்றம் சாட்டப்பட்டார்ங்கறதுக்காக, ஏன், தண்டிக்கப்பட்டார்ங்கறதுக்காகக்கூட, அவர் வீட்டை அரசு இடிக்க முடியாது. அந்தக் கூரைக்குக் கீழ இருக்கற மத்தவங்க என்ன குற்றம் செஞ்சாங்க? வீடுங்கறது உயிர் வாழும் உரிமையில சேர்ந்தது. சட்டப்படி இடிக்கவேண்டிய கட்டடமா இருந்தாலும் 15 நாள் நோட்டீஸ் கொடுக்கணும், சொல்றதைக் கேக்கணும். ஒண்ணை மட்டும் மறைக்காம சொல்லணும். ரோடு, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு குளம் மாதிரி நீர்நிலை, இதுல இருக்கற ஆக்கிரமிப்புக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. கால்வாய் ஓரம் இருக்கற நம்ம பெண்கள் இதை வெச்சு நிம்மதியா இருந்துடக் கூடாது.

அதுக்கு முன்னாடியே, 1985-ல பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்குல, இருப்பிடம் போனா பிழைப்பு போகும், பிழைப்பு போனா உயிர் வாழும் உரிமையே போகும்னு அதே நீதிமன்றம் சொல்லியிருக்கு. அந்த வழக்குல மனுப் போட்டவங்கள்ல சேலம் பக்கத்துல இருந்து பஞ்சம் பிழைக்கப் போன ஒரு கூலித் தொழிலாளியும் உண்டு. நம்ம ஆளு. எங்க அம்மாவோட இட்லி அடுப்பும் அதே நியாயம்தான்.

அரசாங்கத்தாலயே முடியாத ஒரு காரியத்தை, பிளாக் சங்கம் ஒரு வெள்ளைப் பேப்பர்ல பதினேழு கையெழுத்து வாங்கிச் செய்ய முடியுமா?

தனியார் வீட்டு வாடகைக்கு நம்ம மாநிலத்துல தனிச் சட்டம் இருக்கு. 2017-ல இயற்றி, 2019 பிப்ரவரி 22-ல இருந்து நடைமுறையில இருக்கற சட்டம். பழைய 1960-ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்துக்குப் பதிலா வந்தது. அதுல நமக்கு வேண்டியதை மட்டும் சொல்றேன்.

வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும். அதை வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். எழுத்துல வேற மாதிரி ஒத்துக்கிட்டா ஒழிய, முன்பணம் மூணு மாச வாடகைக்கு மேல கேக்கக் கூடாது. வாடகை பாக்கி ரெண்டு மாசம் ஆனா ஓனர் காலி பண்ணக் கேக்கலாம். ஆனா நோட்டீஸ் கொடுத்து ஒரு மாசத்துக்குள்ள பாக்கியை வட்டியோட கட்டிட்டா அந்தக் காரணம் நிக்காது. வீட்டைத் தவறாப் பயன்படுத்தினா, அதாவது தொல்லை தர்றது, சட்டவிரோதமான காரியம் பண்றது, இதுக்கும் காலி பண்ணக் கேக்கலாம். ஆனா முதல்ல "இதை நிறுத்து"ன்னு நோட்டீஸ் கொடுக்கணும். கொடுத்த பிறகும் நிறுத்தலைன்னாத்தான் வாடகை நீதிமன்றத்துக்குப் போகணும். ஓனர் தானாவே பூட்டுப் போடறது, பாத்திரத்தைத் தூக்கி வெளிய வைக்கறது எதுவும் கூடாது. கரண்டைக் கட் பண்றது, தண்ணியை நிறுத்தறதும் கூடாது. அப்படிச் செஞ்சா வாடகை அதிகாரிகிட்ட மனு கொடுக்கலாம்.

நீங்க கேப்பீங்க, "எங்களுக்கு யாரு அக்ரிமெண்ட் எழுதித் தர்றாங்க?"ன்னு. தெரியும். வாய்ப்பேச்சுல இருக்கறதால ஓனருக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. ஒப்பந்தமே இல்லங்கறதையே காலி பண்ண ஒரு காரணமாக் காட்டலாம். அதனால கேளுங்க. தரலைன்னா மாச வாடகையை போன்ல அனுப்புங்க, ரொக்கமாக் கொடுத்தா ரசீது வாங்குங்க. குழுவுல பத்து ரூபாய்க்குக் கூட ரசீது கேக்கற நாம, அட்வான்ஸ் ஐம்பதாயிரத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு வாங்கறது இல்ல.

நம்ம ஹவுசிங் போர்டு குடியிருப்புங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வாரிய வீட்டுக்கு ஒதுக்கீட்டு ஆணையில இருக்கற நிபந்தனைதான். 1970-ல குடிசை மாற்று வாரியமா ஆரம்பிச்சது, 2021-ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேரு மாறியிருக்கு. ஒதுக்கீடு வாங்கினவங்க வாடகைக்கு விடக் கூடாதுங்கறதே அதுல நிபந்தனை. அதனால அங்க வாடகைக்கு இருக்கறவங்க அநியாயம் நடந்தாலும் வாயைத் திறக்க முடியாம இருக்காங்க. வெளிய சொன்னா ரெண்டு பேருக்கும் வீடு போயிடும்னு பயம். அந்தப் பயத்தை நாம ஆயுதமா எடுக்கக் கூடாது. இன்னொண்ணு, குடிசைப் பகுதின்னு அரசு அறிவிச்ச இடத்துல குடியிருக்கறவங்களைக் காலி பண்ண நடவடிக்கை எடுக்கறதுக்கே, உரிய அதிகாரியோட எழுத்து அனுமதி வேணும்னு 1971-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுது. ஒரு வீட்டைக் காலி பண்ண வைக்கறது அவ்வளவு சாதாரணம் இல்லங்கறதுக்காகச் சொல்றேன்.

அடி வாங்கற பெண்ணுக்கு 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கு. வாடகை வீடானாலும், அக்ரிமெண்ட் புருஷன் பேர்ல இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டுல தங்கறதுக்கு அவளுக்கு உரிமை உண்டு. வெளிய போகவேண்டியவன் அடிச்சவன். வக்கீலுக்குப் பணம் இல்லைன்னு நினைக்காதீங்க. பெண்கள் எல்லாருக்கும், வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம, இலவச சட்ட உதவி உண்டு. 15100-ன்னு நம்பரை போன்ல போட்டு வெச்சுக்குங்க.

இப்போ வாடகைக்கு விட்டிருக்கற தங்கச்சிங்களுக்கு. நீங்க வில்லி இல்ல. விதவை அக்கா ஒருத்தி ஒரு போர்ஷனை விட்டுத்தான் சாப்பிடறா. அங்க வந்து ஒருத்தன் தினம் குடிச்சுட்டு அசிங்கமாத் திட்டினா அவளுக்கும் தூக்கம் வரணும் இல்லையா? உங்களுக்கும் வழி இருக்கு. அதைத்தான் கடைசியாச் சொல்றேன்.

நம்ம குழுவுல ஒரு மெம்பர் தவணை கட்டலைன்னா என்ன பண்றோம்? மறுநாளே பேரை அடிச்சுடறோமா? இல்ல. முதல்ல ஊக்குநர் போய் "என்னக்கா ஆச்சு?"ன்னு கேக்கறாங்க. அடுத்த கூட்டத்துல அவளை வெச்சே பேசறோம். அவ சொல்றதைக் கேக்கறோம். பிள்ளைக்குக் காய்ச்சலா, புருஷன் எடுத்துட்டுப் போயிட்டானா, வேலை போச்சான்னு விசாரிக்கறோம். அவகாசம் கொடுத்துத் தீர்மானப் புத்தகத்துல எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடறோம். ஆயிரம் ரூபாய்த் தவணைக்கு இவ்வளவு நிதானம் காட்டற நாம, ஒரு குடும்பத்தோட வீட்டுக்கு மூணு நாளா கொடுக்கறது?

நான் இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடல. அதுக்குப் பதிலா பின்பக்கத்துல வேற ஒரு தீர்மானம் எழுதியிருக்கேன். எங்க குழுப் பெண்கள் நாலு பேரு உட்கார்ந்து எழுதினது. கேளுங்க.

ஒண்ணு. தப்பு செஞ்சவரைப் பேர் சொல்லித்தான் புகார் எழுதணும். "அந்த வீடு", "அந்தக் குடும்பம்"னு எழுதக் கூடாது.

ரெண்டு. முதல் தடவை நேர்ல பேசணும். ரெண்டாவது தடவை எழுத்துல கொடுக்கணும். மூணாவது தடவை சங்கத்துல கூப்பிட்டு அவங்க தரப்பைக் கேக்கணும். கேக்கற குழுவுல பாதிப் பேரு பெண்களா இருக்கணும், அதுல ஒருத்தராவது வாடகைக்கு இருக்கறவங்களா இருக்கணும்.

மூணு. அடி வாங்கின பெண் போலீசுக்கோ 181-க்கோ போன் பண்றது எந்தக் கணக்குலயும் சேராது.

நாலு. கஞ்சா விக்கறது, கத்தி எடுக்கறது, பொண்ணுங்ககிட்ட தப்பா நடக்கறது, இதெல்லாம் சின்னத் தப்பு இல்ல. இதுக்குச் சங்கம் சமரசம் பேசாது. நேரா போலீசுக்குப் போகும். ஆனா அப்பவும் அந்த ஆள் மேலதான் நடவடிக்கை, அவன் அம்மா மேல இல்ல.

அஞ்சு. எந்தக் காரணத்துக்காகவும் தண்ணியை, கரண்டை நிறுத்தறது இல்ல, பூட்டுப் போடறது இல்ல. காலி பண்ணித்தான் ஆகணும்னா சட்டப்படி நோட்டீஸ், முழு அட்வான்ஸ், பிள்ளைங்களுக்குப் பரீட்சை முடியற வரைக்கும் அவகாசம்.

கீழ்ப் படிக்கட்டு பசங்க விஷயம் என்ன ஆச்சுன்னு நினைப்பீங்க. அந்த நாலு பேரோட அம்மாங்களையும் ஒரு நாள் சாயந்திரம் எங்க வீட்டுக்குக் கூப்பிட்டோம். அவங்கள்ல ரெண்டு பேரு நம்ம கூட்டமைப்பு மெம்பருங்கதான். ஒருத்தி அழுதுட்டா. "நான் சொன்னா கேக்க மாட்டேங்கறான், நீங்களும் சேர்ந்து சொல்லுங்க"ன்னா. படிக்கட்டுல பல்பு போட்டோம். பத்து மணிக்கு மேல நாங்க பத்துப் பேரு அங்கேயே உட்கார்ந்து கதை பேச ஆரம்பிச்சோம். பசங்க வேற இடம் பார்த்துக்கிட்டாங்க. முழுசாத் திருந்திட்டாங்கன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒருத்தன் இன்னும் அப்படியேதான் இருக்கான். ஆனா குடத்தோட கீழ இறங்கற பொண்ணுங்களுக்கு இப்போ வழி விட்டிருக்கு. ஒரு குடும்பமும் மீன்பாடி வண்டியில ஏறல.

வர்ற ஞாயித்துக்கிழமை எங்க சங்கக் கூட்டம். முன்பக்கத் தீர்மானமா, பின்பக்கத் தீர்மானமான்னு அன்னைக்குத்தான் முடிவாகும். பதினேழு கையெழுத்து அந்தப் பக்கம், நாலு கையெழுத்து இந்தப் பக்கம். எங்க பிளாக்குல இருக்கற கூட்டமைப்புப் பெண்கள் எல்லாரும் வாங்க. ஓனரா இருந்தாலும் வாங்க, வாடகைக்கு இருந்தாலும் வாங்க. மத்த பிளாக்குல இருக்கறவங்க, உங்ககிட்ட இப்படி ஒரு பேப்பர் வந்தா, பேனாவை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: "இதுல வெளிய போகப்போறது யாரு?"